பழைய காருக்குப் புதிய வேகம்

சில ஆண்டுகளுக்கு முன், வெப்பவியல் வகுப்பு முடிந்ததும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் என் மேசையருகே வந்து தயங்கி நின்றார். "சார், எங்க மாமா அவரோட பழைய மோட்டார் சைக்கிளை எனக்குக் கொடுத்துட்டார். பெரிய கார்புரேட்டர் மாட்டினா வேகம் கூடுமா சார்?" என்று கேட்டார். பாடத்தையும் பட்டறையையும் சேர்த்து யோசிக்கும் மாணவர் எப்போதாவதுதான் கிடைப்பார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. கரும்பலகையைத் துடைத்துவிட்டு, எஞ்சினுக்குள் காற்று எப்படிப் போகிறது, அமுக்க விகிதத்தைக் கூட்டினால் பயனுறுதிறன் எவ்வளவு கூடும், புகைபோக்கியில் தடை இருந்தால் என்ன ஆகும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அவரை மருத்துவமனையில் பார்த்தேன். காறை எலும்பு முறிந்திருந்தது. வண்டி நன்றாகவே ஓடியிருக்கிறது. ஊர் எல்லையில் ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடந்தபோது அதை நிறுத்தத்தான் முடியவில்லை. எஞ்சின் புதுவேகம் பெற்றிருந்தது. பிரேக் மட்டும் மாமா காலத்தில் தேய்ந்தபடியே இருந்தது. அவருடைய தாயார் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் பேசிய அந்த அரைமணி நேரத்தில் 'பிரேக்' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

அன்று சொல்லாமல் விட்ட பாடத்தை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன். அதற்கு ஒரு வரலாறு துணைக்கு இருக்கிறது. பழைய காரை வாங்கி, உதிரிப் பாகங்களைத் தேடிச் சேர்த்து, அதை வேகமான காராக மாற்றும் முயற்சி, அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் 1930-களிலும் 1940-களிலும் ஒரு பெரும் இயக்கமாகவே வளர்ந்தது. அதில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலோர் பணமில்லாத இளைஞர்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எங்கே தவறினார்கள், எதைக் கற்றார்கள் என்று பார்ப்போம்.

எளியவருக்கு எட்டு சிலிண்டர்

1932-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31-ஆம் நாள் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் ஒரு புதிய காரை அறிமுகப்படுத்தியது. அதன் எஞ்சினில் எட்டு சிலிண்டர்கள், நான்கு நான்காக இரு வரிசையில், ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் சாய்ந்து நின்றன. வி-8 எஞ்சின் அப்போது புதிதன்று. 1914-ஆம் ஆண்டிலேயே காடிலாக் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டு வந்திருந்தது. ஆனால் அவை செல்வர்களின் கார்கள். ஃபோர்டின் பொறியாளர்கள் எட்டு சிலிண்டர்களையும், அவற்றின் அடியில் உள்ள கிராங்க் அறையையும் ஒரே வார்ப்பாக வார்க்கும் முறையைக் கண்டார்கள். அதனால் விலை இறங்கியது. 460 டாலர் முதல் வி-8 கார் கிடைத்தது.

அந்த எஞ்சினின் கொள்ளளவு 221 கன அங்குலம். அதாவது ஏறக்குறைய 3.6 லிட்டர். திறன் 65 குதிரைத் திறன். சிலிண்டர் ஹெட் எனப்படும் மேல்மூடி வெறும் தட்டையான வார்ப்பு. வால்வுகள் மேல்மூடியில் இல்லாமல், சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் பிளாக்கின் உள்ளேயே இருந்தன. இந்தத் தட்டை மூடியை வைத்தே 'ஃபிளாட்ஹெட்' என்ற பெயர் வந்தது. செய்வதற்கு எளிது, பழுது பார்ப்பதற்கும் எளிது. ஆனால் இந்த எளிமைக்குள்ளேயே அதன் குறைகளும் ஒளிந்திருந்தன. அவற்றைப் பின்னர் காண்போம்.

1930-களின் பிற்பகுதியில் இந்தக் கார்கள் பழையனவாகிச் சந்தைக்கு வந்தன. பொருளாதார மந்தம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. புதிய பந்தயக் கார் வாங்குவது கனவிலும் நடக்காத காரியம். ஆனால் பழைய ஃபோர்டு ஒன்றை வாங்க ஓர் உழைப்பாளி இளைஞனால் முடியும். மழையும் பனியும் குறைந்த கலிபோர்னியாவில் பழைய கார்களின் உடல்கள் துருப்பிடிக்காமலும் இருந்தன. மேலும் லாஸ் ஏஞ்சல்ஸ் விமானத் தொழிற்சாலைகளின் நகரம். லேத்தும் அரவை எந்திரமும் கையாளத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். விதை, நிலம், தண்ணீர் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தது போலாயிற்று.

தண்ணீர் இல்லாத ஏரிகள்

வேகத்தைச் சோதிக்க இடம் வேண்டுமே? லாஸ் ஏஞ்சல்சுக்கு வடக்கே மலைகளைத் தாண்டினால் மொஹாவி பாலைவனம். அங்கே முராக், ரோசமண்ட், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிகள் உள்ளன. குளிர்காலத்தில் மழைநீர் சிறிது தேங்கும். கோடையில் முழுதும் வற்றிவிடும். அப்போது ஏரிப்படுகை, கொத்தனார் தேய்த்து விட்ட தளம் போல மைல் கணக்கில் சமமாகவும் கெட்டியாகவும் கிடக்கும்.

தொடக்கத்தில் இளைஞர்கள் பல கார்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒன்றாக விரட்டினார்கள். முன்னால் போகும் கார் கிளப்பும் புழுதியில் பின்னால் வருபவனுக்குக் கண் தெரியாது. விபத்துகள் நேர்ந்தன. 1937-ஆம் ஆண்டில் பல சிறு குழுக்கள் சேர்ந்து 'தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தன. பெயரைக் கவனியுங்கள். அது பந்தயச் சங்கம் என்று தன்னை அழைத்துக்கொள்ளவில்லை. காலப்போக்கில், ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓட வேண்டும், அளந்து குறித்த தூரத்தை அது கடக்கும் நேரத்தைக் கடிகாரம் பதிவு செய்ய வேண்டும் என்பதே முறையாயிற்று. ஓடுமுன் காரைச் சோதித்துப் பார்த்தார்கள்.

கால் மைல் தூரத்தை 10 நொடியில் கடந்தால் வேகம் மணிக்கு 90 மைல். 9 நொடியில் கடந்தால் 100 மைல். ஒரு நொடி வித்தியாசம் 10 மைல் வேகத்தைக் காட்டுகிறது. "என் வண்டி பறக்குது" என்ற வாய்ப்பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஒரு வாரம் முழுதும் பாடுபட்டு மாற்றிய ஒரு பாகத்தால் பயன் உண்டா, இல்லையா என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் சொல்லிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியபின் அள. நம் ஆய்வுக்கூடத்தில் மாணவருக்குச் சொல்லும் அதே விதியை அவர்கள் புழுதியில் நின்று கற்றார்கள்.

முராக் ஏரியைப் பின்னர் ராணுவம் தன் விமானத் தளத்துக்காக எடுத்துக்கொண்டது. 1947-ஆம் ஆண்டு அக்டோபரில் சக் யேகர் ஒலியின் வேகத்தைக் கடந்து பறந்தது அந்தத் தளத்திலிருந்துதான். பிற்காலத்தில் அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் எனப் பெயர் பெற்றது.

பழைய இரும்புக் கிடங்கில் தேடல்

இனி உதிரிப் பாகங்களின் கதைக்கு வருவோம். ஃபோர்டு நிறுவனம் தன் வி-8 எஞ்சினை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திருத்தியது. 1933-இல் 75 குதிரைத் திறன், 1934-இல் 85. 1939-ஆம் ஆண்டில் மெர்க்குரி என்ற புதுக் காரில் சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டி, 239 கன அங்குலத்தில் 95 குதிரைத் திறன் பெற்றது. 1949-இல் மெர்க்குரியின் கிராங்க் தண்டை மாற்றி, பிஸ்டன் ஓடும் தூரத்தை முக்கால் அங்குலம் குறைய நாலரை என்றிருந்ததிலிருந்து நான்கு அங்குலமாக, அதாவது 3.75-இலிருந்து 4 அங்குலமாக உயர்த்தியது. கொள்ளளவு 255 கன அங்குலமாயிற்று.

இதில் இளைஞர்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு என்னவென்றால், இந்தக் குடும்பத்தின் பாகங்கள் பலவும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 1932 மாடல் காரில் பின்னாளைய மெர்க்குரி எஞ்சினை அதிகம் வெட்டி ஒட்டாமல் இறக்கலாம். 1949 மெர்க்குரியின் கிராங்க் தண்டைப் பழைய மெர்க்குரி பிளாக்கில் பூட்டலாம். 1939 ஃபோர்டின் கியர் பெட்டிக்குள் லிங்கன் செஃபைர் காரின் பல்சக்கரங்களை அமைக்கலாம். எந்த ஆண்டு, எந்த மாடல், எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்ற இந்த அறிவு எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படவில்லை. பழைய கார்களை உடைத்து விற்கும் கிடங்குகளிலும், இரவுநேரப் பட்டறைகளிலும் வாய்மொழியாகப் பரவியது. 1948-ஆம் ஆண்டு சனவரியில் ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய 'ஹாட் ராட்' என்ற மாத இதழ் இந்த அறிவை அச்சில் ஏற்றியது.

ஆனால் பொருந்தும் பாகமெல்லாம் நல்ல பாகம் ஆகிவிடாது. ஃபிளாட்ஹெட் பிளாக்குகளில் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே முடியளவு விரிசல் விழுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாது. அந்த பிளாக்கை வாங்கி, அதன்மேல் மாதக்கணக்கில் உழைத்து, எஞ்சினை இயக்கும்போதுதான் தண்ணீர் கசியும். பணமும் உழைப்பும் பாழ்.

இங்கே இயற்பியல் கைகொடுத்தது. 1920-களின் தொடக்கத்தில் வில்லியம் ஹோக் என்பவர், காந்தப் பிடியில் வைத்துச் சாணைபிடித்த எஃகுத் துண்டுகளின்மேல் இரும்புத் தூள் சில கோடுகளாகப் படிவதைக் கண்டார். அந்தக் கோடுகள் இருந்த இடத்தில் விரிசல்கள் இருந்தன. காரணம் எளிது. இரும்பைக் காந்தமாக்கினால் காந்த விசைக்கோடுகள் அதனுள்ளேயே ஓடும். விரிசல் வந்த இடத்தில் அவை வெளியே வழிந்து மறுபடி உள்ளே நுழையும். அந்த இடத்தில் இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளும். ஆல்ஃபிரெட் டி ஃபாரஸ்ட் முதலியோர் இதை ஒரு சோதனை முறையாக வளர்த்தார்கள். 'மேக்னஃபிளக்ஸ்' என்ற பெயரில் விமான உறுப்புகளைச் சோதிக்க அது பயன்பட்டது. போருக்குப் பின் இளைஞர்கள் பழைய பிளாக்குகளையும் கனெக்டிங் ராடுகளையும் அதே சோதனைக்கு அனுப்பினார்கள். சோதனைக்குக் கொடுக்கும் சில டாலர்களே திட்டத்தின் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பதை அனுபவசாலிகள் அறிந்திருந்தார்கள்.

எஞ்சினின் மூச்சு

எஞ்சினை ஒரு காற்றுப் பம்பு என்று கருதுங்கள். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எவராலும் முடியும். காற்றைக் கூடுதலாக உள்ளே இழுப்பதுதான் கடினம். ஆகவே அதிகத் திறன் என்பது பெரும்பாலும் அதிகக் காற்று என்பதே.

இதற்கு மூன்று வழிகள். முதல் வழி, கொள்ளளவைக் கூட்டுவது. 239 கன அங்குல பிளாக்கில் சிலிண்டரை எட்டில் ஓர் அங்குலம் கூடுதலாகக் கடைந்து, நான்கு அங்குல மெர்க்குரி கிராங்க் தண்டையும் பூட்டினால் 276 கன அங்குலம் கிடைக்கும். கொள்ளளவு 15 விழுக்காடு கூடியது. ஆனால் கடையக் கடையச் சிலிண்டரின் சுவர் மெலியும். மெலிந்த சுவர் அழுத்தத்தில் வளையும், சூட்டில் வெடிக்கும்.

இரண்டாவது வழி, காற்று போகும் பாதையை அகலமாக்குவது. 1930-களின் பிற்பகுதி ஃபோர்டுகளில் 'ஸ்ட்ராம்பர்க் 97' என்ற கார்புரேட்டர் வந்தது. அதன் குறுகிய கழுத்தின் விட்டம் 0.97 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். பழைய கிடங்குகளில் அது மலிவு. இரண்டு, மூன்று 97-களை ஒரே எஞ்சினில் பொருத்துவதற்கான உள்ளிழுப்புக் குழாய்த் தொகுப்புகளைச் சில பட்டறைகள் வார்த்து விற்றன. அவர்களில் ஒருவர் விக் எடல்பிராக். 1938-இல் அவர் ஒரு 1932 மாடல் ஃபோர்டை வாங்கினார். சந்தையில் கிடைத்த குழாய்த் தொகுப்பு மனநிறைவு தராததால் 'ஸ்லிங்ஷாட்' என்ற ஒன்றைத் தாமே வடிவமைத்தார். 1941-ஆம் ஆண்டு ரோசமண்ட் ஏரியில் அந்தக் கார் மணிக்கு 121 மைல் வேகத்தைத் தொட்டது. வாரநாளில் அதே காரில்தான் அவர் வெளியே போய் வந்தார்.

என் மாணவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கார்புரேட்டரின் கழுத்தில் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் பெட்ரோலை உறிஞ்சித் தூவுகிறது. கழுத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் குறைந்த சுழற்சியில் காற்று மெதுவாக ஓடும். அழுத்தம் போதிய அளவு குறையாது. பெட்ரோல் நுண்துளிகளாகாமல் சொட்டும், எஞ்சின் திணறும். உச்ச வேகத்தில் பயன் உண்டு, ஊருக்குள் தொல்லைதான்.

மூன்றாவது வழி, அமுக்க விகிதத்தைக் கூட்டுவது. 1932 ஃபோர்டில் அது 5.5 மட்டுமே. அலுமினிய மேல்மூடிகளைக் கொண்டு அதை 8 வரை உயர்த்தினார்கள். கோட்பாட்டின்படி பயனுறுதிறன் 49 விழுக்காட்டிலிருந்து 56 விழுக்காட்டுக்கு மேல் போகிறது. நடைமுறையில் கிடைப்பது இதைவிடக் குறைவே என்றாலும், விகிதத்தில் வரும் ஆதாயம் உண்மையானது.

ஆனால் ஃபிளாட்ஹெட்டின் அமைப்பில் ஒரு முரண்பாடு இருந்தது. வால்வு பக்கத்தில் இருப்பதால், உள்ளே வரும் கலவை வால்விலிருந்து மேலெழுந்து, மேல்மூடிக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் சென்று, பிறகே சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். அமுக்க விகிதத்தைக் கூட்ட மேல்மூடியைத் தாழ்த்தினால் அந்த இடைவெளி குறுகும், மூச்சு அடைபடும். மூச்சை விடுவிக்க பிளாக்கின் விளிம்பைச் சீவினால் அமுக்க விகிதம் மீண்டும் குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறுவது என்பதை ஏரிக்கரைக் கடிகாரம்தான் தீர்மானித்தது. வால்வைத் திறக்கும் கேம் தண்டின் வடிவத்தைத் தேய்த்துத் திருத்துவதில் எட் வின்ஃபீல்டும், அவருக்குப் பின் எட் இஸ்கெண்டேரியனும் புகழ்பெற்றது இந்தத் தேடலில்தான்.

அடுத்த பலவீனம் எங்கே?

ஒரு பாகத்தைப் பலப்படுத்தினால் பளு அடுத்த பாகத்தின்மேல் ஏறும். முதல் வி-8 தன் முழுத் திறனை நிமிடத்துக்கு 3400 சுழற்சியில் தந்தது. அதை 5000 சுழற்சிக்கு விரட்டினால் என்ன ஆகும்? பிஸ்டனை மேலும் கீழும் நிறுத்தித் திருப்பும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். பிஸ்டனின் ஓடுதூரமும் கூடியிருந்தால் அந்த விசை இரண்டேகால் மடங்குக்கு மேல் போகும். இவ்வளவு விசையும் கனெக்டிங் ராடின் மேலும், அதன் பேரிங்கின் மேலும் விழும். அந்த எஞ்சினின் கிராங்க் தண்டைத் தாங்கிய முதன்மைப் பேரிங்குகள் மூன்றே மூன்று. ராடு முறிந்தால் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

வெப்பம் மற்றொரு சிக்கல். ஃபிளாட்ஹெட்டில் எரிந்த புகை நேரே வெளியேறுவதில்லை. பிளாக்குக்குள் சிலிண்டர்களுக்கு இடையே சுற்றி, குளிர்நீரைச் சூடாக்கிவிட்டுத்தான் வெளியேறும். நான்கு சிலிண்டருக்கு மூன்று வாய்கள். நடுவிலுள்ள இரு சிலிண்டர்களும் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்ளும். திறனைக் கூட்டினால் இந்தச் சூடும் கூடும். ஏரியில் ஓரிரு நிமிடம் ஓடும் காருக்கு இது பெரிய கவலையன்று. சில கார்களில் ரேடியேட்டரே இல்லாமல் தண்ணீர்த் தொட்டி மட்டும் வைத்தார்கள். ஆனால் அதே எஞ்சினை நகர நெரிசலில் ஓட்டியவர்கள் வழிநெடுக நின்று நின்று போனார்கள். எதற்காக மாற்றுகிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் பாகம் வாங்கியதன் பலன் அது.

காற்று கேட்கும் விலை

வேகம் கூடக் கூட எதிர்க்கும் விசைகளில் காற்றின் தடையே பெரிதாகிறது. அத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 65 குதிரைத் திறனில் ஒரு கார் மணிக்கு 75 மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையை மட்டும் கணக்கில் எடுத்தால், 100 மைலுக்கு 154 குதிரைத் திறன் வேண்டும். 150 மைலுக்கு? வேகம் இருமடங்கு, திறன் எட்டு மடங்கு, 520 குதிரைத் திறன்! பழைய ஃபோர்டு எஞ்சினிலிருந்து அதைக் கறப்பது நடவாத காரியம்.

ஆகவே சிலர் எஞ்சினை விட்டுவிட்டுக் காரின் வடிவத்தைப் பார்த்தார்கள். போர் முடிந்ததும், போர் விமானங்களின் வயிற்றில் தொங்கிய எரிபொருள் தொட்டிகள் கழிவுப் பொருளாக விலைக்கு வந்தன. நீர்த்துளி வடிவில் காற்றைக் கிழித்துச் செல்ல வடிவமைக்கப்பட்ட தொட்டிகள் அவை. 1946-ஆம் ஆண்டில் பில் பர்க் என்பவர் அப்படி ஒரு தொட்டிக்குள்ளேயே எஞ்சினையும் ஓட்டுநரையும் அமர்த்தி ஒரு காரைச் செய்தார். பின்னர் பி-38 விமானத்தின் பெரிய தொட்டியிலும் ஒன்று செய்தார். ஸ்டூவர்ட் ஹில்போர்ன் என்பவர் ஒடுங்கிய உடலைக் கொண்ட ஒரு காரை உருவாக்கி, எரிபொருளை நேரே பீய்ச்சும் கருவி ஒன்றையும் தாமே செய்து பொருத்தினார். 1947-இல் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி அவருடைய முதுகெலும்பு முறிந்தது. காரைத் திருத்திக் கட்டினார்கள். 1948-ஆம் ஆண்டில், வேறோர் ஓட்டுநர் செலுத்த, வறண்ட ஏரிகளில் மணிக்கு 150 மைலைத் தாண்டிய முதல் கார் என்ற பெயரை அது பெற்றது. எஞ்சின் அதே ஃபோர்டு ஃபிளாட்ஹெட்தான்.

நிறுத்தும் கணக்கு

இப்போது நான் வகுப்பில் விட்டுவிட்ட பாடம். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மணிக்கு 60 மைலில் ஓடிய கார் 100 மைலில் ஓடினால் ஆற்றல் ஏறக்குறைய 2.8 மடங்காகும். 1000 கிலோ எடையுள்ள கார் 100 மைல் வேகத்தில் சுமப்பது பத்து இலட்சம் ஜூல். மூன்றரை லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் இது. இவ்வளவையும் பிரேக் டிரம்கள் சில நொடிகளில் விழுங்க வேண்டும்.

1932 ஃபோர்டின் பிரேக்குகள் இரும்புத் தண்டுகளால் இயங்கின. நான்கு சக்கரத்துக்கும் நான்கு தண்டுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்க்காவிட்டால் ஒரு சக்கரம் முந்திக்கொண்டு பிடிக்கும். கார் ஒரு பக்கம் இழுக்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு. மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியே அங்கு வேலை செய்கிறது. போட்டி நிறுவனங்கள் அதற்கு மாறிய பின்னும் ஹென்றி ஃபோர்டு அதை நம்பாமல் காலம் கடத்தினார். 1939 மாடலில்தான் ஃபோர்டு கார்களுக்கு எண்ணெய் பிரேக் வந்தது.

நல்வாய்ப்பாக, அந்தப் புதிய பிரேக்குகளும் பழைய காரின் அச்சில் பொருந்தின. விவரமறிந்தவர்கள் கிடங்கில் 1939-க்குப் பிந்தைய ஃபோர்டைக் கண்டால் முதலில் பிரேக்கைக் கழற்றிக்கொண்டார்கள். லிங்கன் காரின் பெரிய பிரேக்குகளுக்கு இன்னும் கிராக்கி. ஆனால் பிரேக்கை யாரும் பார்த்து வியப்பதில்லை. பளபளக்கும் அலுமினிய மேல்மூடியையும் மூன்று கார்புரேட்டர்களையும்தான் நண்பர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். கையிலுள்ள பணம் அந்தப் பக்கமே போனது.

போருக்குப் பின் இத்தகைய கார்கள் ஏரியை விட்டு நகரத் தெருக்களில் பந்தயம் ஓடத் தொடங்கியபோது விபத்துகள் பெருகின. செய்தித்தாள்கள் கண்டித்தன, காவல்துறை துரத்தியது. 1950-இல் சாண்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதையில் முறையான பந்தயங்கள் தொடங்கின. 1951-ஆம் ஆண்டில் 'ஹாட் ராட்' இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ், தேசிய அளவில் ஒரு சங்கத்தை நிறுவினார். தெருவில் நடந்ததை ஒழுங்கான களத்துக்கு இழுப்பதும், ஓடுமுன் ஒவ்வொரு காரையும் சோதிப்பதும் அதன் நோக்கம். பிரேக் சரியில்லாத கார், எஞ்சின் எவ்வளவு வலுவானதானாலும், களத்தில் இறங்க முடியாது. தனி மனிதர் திட்டத்தில் கடைசி இடத்தில் வைத்ததை, சங்கம் முதல் இடத்தில் வைத்தது.

எப்போது நிறுத்திக்கொள்வது?

ஒரு பழைய எஞ்சினை எதுவரை திருத்தலாம்? 1947-ஆம் ஆண்டில் சோரா ஆர்க்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளர் 'ஆர்டன்' என்ற மேல்மூடியைச் செய்தார். அது ஃபிளாட்ஹெட்டின் வால்வுகளை மேலே கொண்டுவந்து, அரைக்கோள வடிவ எரியறையைத் தந்தது. மூச்சுப் பிரச்சினைக்கு அது அடிப்படையான தீர்வு. ஆனால் விலை அதிகம். 1949-இல் காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனங்கள் வால்வுகளை மேலே கொண்ட புதிய வி-8 எஞ்சின்களைத் தொழிற்சாலையிலிருந்தே அனுப்பின. அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் ஃபிளாட்ஹெட்டின் ஆயுள் 1953-ஆம் ஆண்டு மாடலோடு முடிந்தது. அந்த ஆண்டு ஃபோர்டின் 239 கன அங்குல எஞ்சின் தந்தது 110 குதிரைத் திறன். இரண்டே ஆண்டு கழித்து, 1955-இல் வந்த ஷெவர்லே வி-8, 265 கன அங்குலத்தில் 162 குதிரைத் திறன் தந்தது.

ஆயிரம் திருத்தம் செய்து பெற்றதை, விபத்தில் நொறுங்கிய ஒரு புதிய காரின் எஞ்சினை அப்படியே வாங்கிப் பூட்டினால் பெற்றுவிடலாம் என்ற நிலை வந்தது. பலர் மாறினார்கள். சிலர் ஃபிளாட்ஹெட்டை விடவில்லை. அது அவர்கள் விருப்பம். ஆனால் இரு தரப்பாரும் ஒன்றை உணர்ந்திருந்தார்கள். அமைப்பிலேயே உள்ள எல்லையைத் திருத்தத்தால் தாண்ட முயன்றால், ஒவ்வொரு கூடுதல் குதிரைத் திறனுக்கும் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருக்கலாம். அதைத் திருத்தும் ஆசையும் இருக்கலாம், ஆசையில் தவறில்லை. ஒரு தாளை எடுத்து, வண்டி எதற்குப் பயன்படப் போகிறது என்று முதல் வரியில் எழுதுங்கள். அடுத்து பிரேக், டயர், ஸ்டீயரிங். பிறகு, இப்போதுள்ள பாகங்களில் விரிசலும் தேய்மானமும். அதன்பின் குளிர்விப்பு. எஞ்சினின் திறன் பட்டியலின் கடைசியில் வரட்டும். ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றுமுன்னும் பின்னும் அளந்து எழுதிவையுங்கள்.

என் மாணவர் குணமாகி, பட்டம் பெற்று, வேலைக்கும் போய்விட்டார். சென்ற ஆண்டு ஒரு மாலை கல்லூரிக்கு வந்திருந்தார். அதே மோட்டார் சைக்கிள். "இப்ப எவ்வளவு வேகம் போகுது?" என்று கேட்டேன். "அதை அப்புறம் சொல்றேன் சார். முதல்ல இதைப் பாருங்க" என்று, சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டார். மைதானத்தின் ஓரம் வரை சென்று திரும்பி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக்கை அழுத்தி நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.